கூப்பிடு தூரம்

அக்டோபர் நடுநாளான ஐடஸுக்கு எட்டு நாள் முன்

இன்று பகலின் முதல் மணியில் என் அண்ணன் ஸ்பூரியஸ் ஹொசிடியஸ், மலையடிவாரத்துப் பண்ணை மாளிகையில், தம் சொந்த அறையில், தம் சொந்த நாவிதனால் கொல்லப்பட்டார். நாவிதனின் பெயர் ஹெர்மெரோ. இந்த வீட்டிலேயே பிறந்த அடிமை. வயது நாற்பது இருக்கலாம். முதல் வெட்டு இடக் காதுக்குக் கீழே, அது ஆழமில்லை. இரண்டாவது இடக் கன்னத்தில். கடைசி வெட்டு தொண்டையில். பிறகு அதே கத்தியால் தன் தொண்டையையும் அறுத்துக்கொண்டு அண்ணனின் காலடியில் விழுந்திருக்கிறான். நான் உள்ளே சென்றபோது இருவரின் இரத்தமும் தரையின் வண்ணக்கற்களுக்கிடையே ஒன்றாக ஓடி நாற்காலியின் காலருகே தேங்கியிருந்தது. அண்ணனின் வலக் கன்னம் மட்டும் வழவழப்பாகச் சவரம் செய்யப்பட்டிருந்தது. இடக் கன்னத்தில் மூன்று நாள் முடி.

காரணத்தைத் தேட வேண்டியதில்லை. பன்னிரண்டு நாள்களுக்கு முன், குளியல் நீர் ஆறியிருந்ததென்று அண்ணன் ஹெர்மெரோவின் மனைவியைக் கொதிகலத்துக்குள் தள்ளினார். மூன்றாம் நாள் அவள் இறந்தாள். நான்காம் நாள் ஹெர்மெரோ வழக்கம்போல் வந்து அண்ணனுக்குச் சவரம் செய்தான். அடுத்த ஏழு நாள்களும் அழைத்தபோதெல்லாம் செய்தான். இன்றும் தொடங்கினான்.

கொலை நடந்த வேளையில் நான் முற்றத்துக்கு எதிர்ப்புறமுள்ள விருந்தினர் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். எதுவும் என் காதில் விழவில்லை. சமையற்காரன் போதினஸ் கதவைத் தட்டிச் சொன்ன பிறகே அறிந்தேன். நேற்று உணவின்போது அண்ணனும் நானும் குடும்ப விஷயங்கள் பேசினோம், வேறொன்றுமில்லை.

நாட்குறிப்பும் ஒருநாள் சாட்சியமாகக் கூடும். ஆகவே இதில் எழுதுவதும் வெளியில் சொல்வதும் ஒன்றாக இருப்பது நல்லது.

அக்டோபர் ஐடஸுக்கு ஏழு நாள் முன்

நகரத் தலைவரின் விசாரணை அலுவலர் வந்துவிட்டார். பெயர் கசோனியஸ். முன்னாள் படைவீரர், இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. இடுப்புப் பையில் வேகவைத்த கொண்டைக்கடலை வைத்திருக்கிறார். பிணத்தைப் பார்க்கும்போதும் அதை மென்றுகொண்டிருந்தார்.

"ஐயா சட்டம் படிச்சவருன்னு சொன்னாங்க. நல்லதாப் போச்சு. எனக்கு அடிக்கத் தெரியும், எழுத வராது. விசாரணை பூரா நீங்களே எழுதிடுங்க."

"நான் இறந்தவருக்குத் தம்பி. வாரிசாகவும் இருக்கக்கூடும். நான் எழுதுறது முறையில்லை."

"இந்தக் காட்டுல வேற யாரு எழுதுவா? ஆடா?"

சட்டம் தெளிவானது. எசமான் தம் வீட்டில் கொல்லப்பட்டால், அதே கூரையின்கீழ் இருந்த அடிமைகள் அனைவரும், கொன்றவன் யாரென்று தெரிந்திருந்தாலும், சித்திரவதையில் விசாரிக்கப்பட்டுக் கொல்லப்பட வேண்டும். அவர்கள் செய்த குற்றம், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வராதது. கூரைக்கு வெளியே இருந்தாலும் கூப்பிடு தூரத்துக்குள் இருந்தவர்களுக்கு அதே தண்டனை. அதற்கு அப்பால் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. இவையெல்லாம் முடியும்வரை இறந்தவரின் உயிலைத் திறக்கக்கூடாது. சுதந்திர மனிதர்களைப் பற்றி இந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எசமானின் சாவைத் தடுக்கக்கூடியவராக இருந்தும் தடுக்காத வாரிசு, தகுதியற்றவரென்று தள்ளப்படுவார். அவர் பெயரும் ஊரில் நிற்காது.

சீசர்களின் குடும்பம் மூன்றாம் தலைமுறையாக எங்களை ஆள்கிறது. எங்கள் முப்பாட்டனார் ஒருவர் கான்சல் என்னும் உச்சப் பதவியில் இருந்தார். அதன்பின் நாங்கள் அவருடைய மெழுகு முகத்தைக் கூடத்தில் மாட்டித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறோம். என் மாமன்மார் இருவர் விருந்தொன்றில் ஒரு சொல் அதிகம் பேசியதால் இறந்தனர். நான் அவ்வாறு பேசுவதில்லை.

இன்று மாலை என் வாக்குமூலத்தை மெழுகுப் பலகையில் எழுதி, அருகிலுள்ள சிற்றூரின் ஏழு பெரியவர்களை வரவழைத்து முத்திரையிடச் செய்தேன். "எதுவும் என் காதில் விழவில்லை" என்பது அதன் நான்காம் வரி. எழுவரும் ஒருங்கே கூடித் தத்தம் முத்திரையை அடையாளங் கண்டாலன்றி அதைத் திறக்கவோ திருத்தவோ முடியாது என்ற நிபந்தனையையும் சேர்த்தேன். நான் எழுதியவற்றுள் குறையற்ற ஆவணங்களில் அது ஒன்று.

அக்டோபர் ஐடஸுக்கு ஆறு நாள் முன்

அடிமைகளின் பட்டியலைத் தயாரித்தோம். கூரையின்கீழ் பதினான்கு பேர். அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வெளியே மூன்று கட்டடங்கள். அண்ணனின் அறைச் சன்னலிலிருந்து கயிறு பிடித்து அளந்தேன். குதிரை லாயம் தொண்ணூறு அடி; நான்கு பேர். திராட்சை ஆலை நூற்று எண்பது அடி, ஐந்து பேர். சலவைக்கூடம் முந்நூற்றுத் தொண்ணூறு அடி. தொட்டிகளில் துணி மிதிக்கும் பெண்கள் மூவரும் ஒரு சிறுமியும்.

"அந்தக் குட்டிக்கு என்ன வயசு?" என்று கசோனியஸ் கேட்டார்.

"பேர் மெலித்தே. ஏப்ரல் மாசம் பொறக்குற கலெண்ட்ஸுக்கு மூணு நாள் முன்னாடி பிறந்தவ. பதினோரு வயசும் ஆறு மாசமும்."

அவர் கடலை மெல்வதை நிறுத்தினார்.

"என் சொந்த மகன் பொறந்த நாளே எனக்குத் தெரியாது ஐயா. சலவைக்கூடத்துக் குட்டியோட நாள் உங்களுக்கு மனப்பாடமா?"

"சட்டம் படிச்சவனுக்குத் தேதி மறக்காது."

"மறக்காது, மறக்காது," என்று மீண்டும் மெல்லத் தொடங்கினார். "சரி, குட்டி தப்பிச்சா. அவ அம்மா?"

அம்மாவின் பெயர் தல்லூசா. வயது முப்பத்தொன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டில் நான் காய்ச்சலில் நாற்பது நாள் கிடந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டவள். இதைப் பட்டியலில் சேர்க்கத் தேவை எழவில்லை.

அக்டோபர் ஐடஸுக்கு ஐந்து நாள் முன்

விசாரணை தொடங்கியது. மரக்குதிரையை முற்றத்தில் நிறுத்தினார்கள். அதன்மேல் ஆளைக் கிடத்தி, கைகால்களை நான்கு பக்கமும் சக்கரத்தால் இழுப்பார்கள். முதலில் வாயில்காவலன். தோள்மூட்டு கழன்ற ஓசை ஈரக் கயிறு அறுந்தாற்போல் இருந்தது. அவன் சொன்னதெல்லாம், "கதவைக் காக்கச் சொன்னாங்க, கதவைக் காத்தேன்." கொக்கிகளைப் போட்டார்கள். விலாவில் எலும்பு தெரிந்த பிறகும் அதையே சொன்னான். நான் அதையே எழுதினேன், ஆறு முறை.

அடுத்து போதினஸ். அவனைக் கட்டும்போது வீரர்களில் ஒருவனிடம், "தம்பி, ஆட்டுத்தொடையைக்கூட இப்படிக் கட்டமாட்டாங்க. சாறெல்லாம் வெளிய போயிடும்," என்றான். அந்த வீரன் சிரித்துவிட்டான். பிறகு சூடேற்றிய தகட்டை அவன் வயிற்றில் வைத்தவனும் அவனே.

"சத்தம் கேட்டுதா இல்லையா?"

"கேட்டுது! கேட்டுது! 'யாராச்சும் வாங்க'ன்னு ரெண்டு தடவை!"

"ஏன்டா போகல?"

"அண்ணன் தம்பி சண்டைன்னு நெனச்சேன் சாமி! பெரிய எசமான் குரலும் சின்ன எசமான் குரலும் ஒண்ணு. சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு கத்துறான்னு எங்களுக்கே தெரியாது. முந்தின நாள் சாப்பாட்டுலயும் சண்டை. அவங்க சண்டையில நாம போய் நின்னா அடி நமக்குத்தானே!"

தகட்டை எடுத்தபோது தோலும் உடன் வந்தது. போதினஸ் மாலைக்குள் இறந்தான். கசோனியஸ் நான் எழுதியதை உரக்கப் படிக்கச் செய்து கேட்டார்.

"நில்லுங்க. அவன் ரெண்டு தடவைன்னு சொன்னான். நீங்க மூணுன்னு எழுதியிருக்கீங்க."

"கை தவறிடுச்சு."

"உங்களுக்கா?" என்றார். ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "முந்தின நாள் என்ன சண்டை?"

"குடும்ப விஷயம்."

"குரல் ஒண்ணுன்னானே. அது நல்ல சேதி ஐயா. கூப்பிடு தூரத்தை எப்படி அளக்குறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். என் ஆளுங்கல்லாம் எருமை மாதிரி கத்துவானுங்க, கணக்குத் தப்பிடும். பெரியவர் நாற்காலியில நீங்க உக்காந்து கத்துங்க. எந்தக் கட்டடம் வரைக்கும் கேக்குதோ அதுவரைக்கும் சாவு. நியாயமா இருக்கும்ல?"

சட்டத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

அக்டோபர் ஐடஸுக்கு நான்கு நாள் முன்

இன்று மரக்குதிரையில் மூவர் இறந்தனர். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

திராட்சைத் தோட்டத்தின் மேற்கோடிக்குச் சென்று, யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, குரலைச் சோதித்தேன். லாயத்தைக் காப்பாற்ற முடியாது. முணுமுணுத்தால்கூட அங்கே கேட்கும். ஆலை ஐயத்துக்குரியது. சலவைக்கூடத்தைக் காப்பாற்றலாம். அங்கே தொட்டிகளில் நீர் விழும் ஓசையும் பெண்கள் மிதிக்கும் ஓசையும் உண்டு. நெஞ்சிலிருந்து எழாமல் தொண்டையிலிருந்து மட்டும் எழும் கூப்பாடு ஏறத்தாழ இருநூறு அடிக்குமேல் செல்லாது என்று கண்டேன். அதே சமயம் முகம் சிவக்க வேண்டும், கழுத்து நரம்பு புடைக்க வேண்டும். இல்லையேல் கசோனியஸ் ஐயுறுவார். பதினேழு முறை பழகினேன்.

முந்தின நாள் சண்டையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். போதினஸ் சொல்லிவிட்டான், இனி மறைப்பதில் பயனில்லை. தல்லூசாவையும் சிறுமியையும் எனக்குத் தந்துவிடுமாறு அண்ணனிடம் கேட்டேன். நான்காம் ஆண்டாகக் கேட்கிறேன்.

"டேய் ஆலஸ், ஒரு சலவைக்காரியைக் கேக்க இத்தனை வார்த்தையா? நீ கேக்கக் கேக்கத்தான்டா எனக்கு அவளைக் குடுக்கத் தோணல," என்றார். பிறகு கோழிக்காலைக் கடித்தபடி, "அந்தக் குட்டியை வசந்தத்துல வித்துடப்போறேன். கப்பல்காரன் ஒருத்தன் பாத்துட்டுப் போயிட்டான். ஆப்பிரிக்கா பக்கம்," என்றார்.

நான் மேசையிலிருந்து எழுந்தேன். குரலை உயர்த்தினேன் என்று போதினஸ் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

அக்டோபர் ஐடஸுக்கு மூன்று நாள் முன்

முடிந்தவரை வரிசை தவறாமல் எழுதுகிறேன்.

முதல் மணி. கொலை நடந்த அதே வேளை, ஏறத்தாழ அதே காற்று. ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் ஒரு வீரன் சிவப்புத் துணியோடு நின்றான். உள்ளே இருப்பவர்களிடம் குரல் கேட்டதற்கான சலனம் தெரிந்தால் துணியை உயர்த்த வேண்டும். அடிமைகள் அன்று செய்த வேலையையே செய்ய வேண்டும் என்பது உத்தரவு. விலங்கிட்ட காலால் துணி மிதிக்க முடியாதென்பதால் சலவைக்கூடத்துப் பெண்களுக்கு விலங்கு இல்லை. என்ன நடக்கப்போகிறதென்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

நான் அண்ணனின் நாற்காலியில் அமர்ந்தேன். தரையைக் கழுவியிருந்தார்கள், கற்களின் இடுக்குகளில் கறுப்பு நிற்கிறது. கசோனியஸ் எனக்குப் பின்னால் நின்றார்.

"யாராச்சும் வாங்க!" என்று கூப்பிட்டேன். லாயத்தில் துணி உயர்ந்தது. ஆலையில் உயரவில்லை.

இரண்டாம் முறை கூப்பிட்டேன். லாயம் மட்டுமே. ஆலையும் தப்பியது என்று எண்ணியது நினைவிருக்கிறது. ஒன்பது பேர், சிறுமியை விட்டால் எட்டுப் பேர் என்று கணக்கிட்டதும் நினைவிருக்கிறது.

"அருமை ஐயா," என்றார் கசோனியஸ். "நீதிமன்றத்துல பேசுற மாதிரியே இருக்கு. நான் இருபத்திரண்டு வருஷம் ஆளுங்க சாகுறதைக் கேட்டவன். கழுத்துல கத்தி இருக்கிறவன் இப்படிக் கூப்பிட மாட்டான். மூணாவது ஒண்ணு பாக்கி இருக்குல்ல? நீங்கதானே மூணுன்னு எழுதினீங்க?"

அவருடைய மூன்று விரல் கை என் முடியைப் பற்றிப் பின்னால் இழுத்தது. ஹெர்மெரோவின் கத்தி இடக் காதுக்குக் கீழே பட்டது. முதலில் குளிர்ச்சி. பிறகு அவர் அதை இழுத்தார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அது நெஞ்சிலிருந்தும் எழவில்லை. அதற்கும் கீழே எங்கிருந்தோ எழுந்தது. இரத்தம் கழுத்துப்பட்டைக்குள் சூடாக இறங்கியது. அவர் என் தலையை விடாமல் சன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். ஆலையில் துணி உயர்ந்தது.

சலவைக்கூடத்தில் துணி உயரவில்லை. அங்கிருந்த வீரனால் அதை உயர்த்த முடியவில்லை; அவனைத் தள்ளிக்கொண்டு தல்லூசா வெளியே ஓடி வந்தாள். முழங்கால்வரை ஈரம், வெளுத்த கால்கள், வெறுங்கை. முந்நூற்றுத் தொண்ணூறு அடியையும் ஓடி வந்தாள். வழியில் ஒரு வீரன் ஈட்டிக் கம்பால் முழங்காலில் அடித்தான்; விழுந்து எழுந்து ஓடி வந்தாள். சன்னலுக்கு வெளியே நின்று, பன்னிரண்டு ஆண்டுகளில் எவர் முன்னும் சொல்லாத என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஆலஸ்!"

கசோனியஸ் என் முடியை விட்டார். "எழுதிக்குங்க ஐயா," என்றார். "சலவைக்கூடம், கேட்டது." பிறகு தம் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து என் கழுத்தில் அழுத்தினார். "காயம் சின்னதுதான். என்மேல வழக்குப் போடணும்னா அதையும் நீங்களே எழுதிக்குங்க."

எழுதினேன். என் கையெழுத்து அந்த வரியிலும் சீராகவே இருக்கிறது.

அக்டோபர் ஐடஸுக்கு முந்தைய நாள்

இதுவரை இந்த நாட்குறிப்பில் என்னைப் பற்றி எழுதியவற்றுள் ஒன்று பொய். அதை இன்று திருத்துகிறேன்.

என் காதில் விழுந்தது. முதல் கூப்பாட்டில் எழுந்தேன். இரண்டாவதில் கதவருகே சென்றேன். மூன்றாவதில் அண்ணன் "யாராச்சும் வாங்க" என்று கூப்பிடவில்லை. "ஆலஸ்" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போது கதவைத் தாழிட்டேன். முற்றத்தின் அகலம் முப்பத்தாறு அடி. ஹெர்மெரோ மெலிந்தவன், நான் சென்றிருந்தால் பிடித்திருக்கலாம். கப்பல்காரனைப் பற்றி நினைத்தேன். ஆப்பிரிக்காவைப் பற்றி நினைத்தேன். தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றேன், போதினஸ் வந்து தட்டும்வரை.

காலையில் கசோனியஸின் அனுமதி பெற்று, அவர்களை அடைத்திருக்கும் ஆலைக் கிடங்குக்குச் சென்றேன். தல்லூசாவின் முழங்கால் பூசணிபோல் வீங்கியிருந்தது. அவள் முதலில் பார்த்தது என் கழுத்துக் காயக்கட்டு.

"ஆழமா?"

"இல்ல."

"உப்புத்தண்ணி வெச்சுக் கழுவுனீங்களா?"

"தல்லூசா, அன்னைக்கு உனக்கு எதுவும் கேக்கலன்னு சொல்லு. தண்ணிச் சத்தம்னு சொல்லு. நேத்து வாசல்ல நின்ன வீரன் உன்னை வெளிய துரத்தினான்னு சொல்லு."

அவளுக்கு அருகில் ஒருத்தி வைக்கோலில் முகம் புதைத்து முனகிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் கேட்டுச்சு," என்றாள். "எல்லாரும் குரல் ஒண்ணுன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணு இல்ல. அது பெரியவர்னு தெரிஞ்சது. கொதிகலத்துல விழுந்தவ எங்கூடப் படுத்துக்கிறவ. அவளை மூணு நாள் நான்தான் எண்ணெய் தடவிப் பாத்துக்கிட்டேன். கத்தட்டும்னு மிதிச்சிட்டிருந்தேன்."

"இதை யார்கிட்டயும் சொல்லாத."

"மூணாவது தடவை உங்க பேரைச் சொன்னாரு. அப்பக் கால் நின்னுடுச்சு. உங்களுக்கு என்னமோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். அப்புறம், அவர்தானே கூப்பிடுறாரு, நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, போவீங்கன்னு நெனச்சேன்." என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க போவீங்கன்னு நெனச்சு மறுபடி மிதிக்க ஆரம்பிச்சேன்."

நான் வைக்கோலைப் பார்த்தேன்.

"போகலையா?" என்றாள்.

"போகல."

அவள் தலையசைத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"குட்டிக்குத் தலைவாரி விடணும்," என்றாள். "பேன் இருக்கு. யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க."

அங்கிருந்து நேரே கசோனியஸிடம் சென்றேன். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பாதி உண்மையும் ஒரு பாதிப் பொய்யுமான சாட்சியத்தை ஆயத்தமாக வைத்திருந்தேன். அண்ணன் கூப்பிட்டதைக் கேட்டேன் என்பது உண்மை. அது நேற்று நான் கத்தியதைவிட மிக மெலிந்தது, இருநூறு அடிகூடச் சென்றிருக்காது என்பது பொய். என் பெயர் கெடும், உயில் கைவிட்டுப் போகும், தீவொன்றுக்கு அனுப்புவார்கள் என்பதையெல்லாம் எடைபோட்டாகிவிட்டது. எடை அதிகமாகத் தோன்றவில்லை.

அவர் கடைசிவரை கேட்டார்.

"கேட்டுதுன்னு எனக்கு மூணாம் நாளே தெரியும் ஐயா. கை தவறுற ஆளா நீங்க? ஆனா நான் என்ன பண்றது? இங்க பாருங்க."

முதல் நாள் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏழு முத்திரைகளும் உடையாமல் இருந்தன.

"'எதுவும் என் காதில் விழவில்லை.' நீங்க எழுதுனது. ஏழு பேரும் ஒண்ணா வந்து பாத்தாத்தான் தொறக்க முடியும், அதுவும் நீங்க எழுதுனது. இதைத் தொறந்து திருத்தாம உங்க புதுச் சாட்சியை நான் வாங்கினா, இதே சட்டம் என் கழுத்துக்கு வரும்."

"அந்த ஏழு பேரையும் கூட்டிட்டு வரேன்."

"அஞ்சு பேரு ஊருல இருக்காங்க. ரெண்டு பேரு ஐடஸ் திருவிழாவுக்கு ரோமுக்குப் போயாச்சு. விசாரிச்சுட்டேன்." சற்றுத் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "நான் நிறைய பலகை பாத்திருக்கேன். எல்லாத்துலயும் எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கும், ஆளு மேல இரக்கப்பட்டா அதுவழியாக் கையை விடலாம். உங்களோடதுல இல்ல. நல்லா எழுதியிருக்கீங்க."

குதிரையேறி ரோம் சாலையில் பதினோரு மைல் சென்றேன். இருவரில் ஒருவரையும் காணவில்லை. குதிரை நொண்டத் தொடங்கியதும் திரும்பினேன்.

ஐடஸ்

நாள்களைக் கடந்தவற்றிலிருந்து எண்ணாமல், வரப்போகும் நாளையும் சேர்த்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணும் வழக்கம் எங்களுடையது; அதனால்தான் மூன்றுக்கு அடுத்தது முந்தைய நாள். எட்டு, ஏழு, ஆறு என்று எழுதும்போதெல்லாம் அது எதை நோக்கிக் குறைகிறது என்று நான் கேட்டதில்லை.

இன்று விடுமுறை. எவரையும் கொல்லவில்லை.

நவம்பர் கலெண்ட்ஸுக்குப் பதினேழு நாள் முன்

மரக்குதிரையில் இறந்தவர்கள் போக இருபத்திரண்டு பேர். சாலையோரம் வரிசையாகச் சிலுவைகள் நட்டார்கள். சட்டப்படி நான் உடனிருந்தேன். ஆணிகளை மணிக்கட்டில் அடித்தார்கள். ஒருவனுக்கு மூன்று அடி தேவைப்பட்டது, லாயக்காரனுக்கு ஏழு. தல்லூசாவின் முறை வந்தபோது கசோனியஸ் வீரனைத் தள்ளிவிட்டுத் தாமே அருகில் சென்றார். குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். பிறகு ஹெர்மெரோவின் கத்தியால் அவள் தொண்டையை அறுத்தார். மற்றவர்கள் மாலைவரையும் மறுநாள்வரையும் உயிரோடிருப்பார்கள். அவள் உடனே இறந்தாள்.

"இதை எழுத வேண்டாம் ஐயா," என்றார். "விதிக்குப் புறம்பு."

அவள் கத்தவில்லை. எவரையும் கூப்பிடவில்லை. நான் முப்பது அடி தூரத்தில் நின்றேன்.

நவம்பர் கலெண்ட்ஸுக்குப் பன்னிரண்டு நாள் முன்

உயில் திறக்கப்பட்டது. நானே முழு வாரிசு. வீடும், தோட்டமும், எஞ்சிய அடிமைகளும் எனக்கு. எஞ்சியவர்களில் மெலித்தேயும் ஒருத்தி.

முப்பது வயதுக்குக் குறைந்த அடிமையை விடுவிக்க, தக்க காரணத்தை மன்றத்தின்முன் எழுதித் தர வேண்டும். காலையில் அந்த மனுவை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ஒரு சொல்லே எழுதினேன்: மகள். என் கையால் அந்தச் சொல்லை எழுதியது இதுவே முதல்முறை. பின்னாளில் தேவைப்பட்டால் திருத்த முடியும்படி, ஓட்டை எதையும் அடைக்காமல், எளிய வாக்கியங்களில் எழுதினேன்.

எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குச் சென்றேன். தொட்டிகள் வற்றிக் கிடந்தன. அவள் கடைசித் தொட்டியின் விளிம்பில் எனக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தாள். தலையை யாரோ வாரியிருந்தார்கள். வகிடு கோணலாக இருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டேன்.

பன்னிரண்டு அடி. காற்று இல்லை. தொட்டியில் விழும் நீரும் இல்லை. மூன்று முறை கூப்பிட்டேன். முதல் இரு முறை பெயரைச் சொல்லி, மூன்றாம் முறை மனுவில் எழுதியிருந்த சொல்லைச் சொல்லி.

அவள் திரும்பவில்லை. அவள் காதில் விழுந்தது.